தட்டிப் பார்க்கிற ஆள்

ஆம்பளை ஒருத்தன் தன்னுடைய மரத்தை அண்ணாந்து பார்த்தால் பொன்னாத்தாளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். முகத்தைப் பார்க்கட்டும், நடையைப் பார்க்கட்டும், அதற்கெல்லாம் அவள் வாயில் பதில் தயாராக இருந்தது. வாங்கிக் கட்டிக்கொண்டவன் அடுத்த பஸ்ஸுக்கே மலையிறங்கிவிடுவான். மரத்தைப் பார்க்கிறவனைத்தான் அவளால் தாங்க முடியாது.

காரணம் இல்லாமலா? அவளுடைய முதல் புருஷன் மரம் பார்த்தவன். சசிதரன் என்று பேர். பேரைக் கேட்டாலே சினிமாக்காரன் மாதிரி இல்லை? ஆளும் அப்படித்தான். சேலத்துப் பக்கமிருந்து ஜீப் ஓட்டிக்கொண்டு மலைக்கு வந்தவன், வளப்பூர் நாடு என்கிற மலையூரில் அவள் வீட்டு வாசலில் முதலில் தண்ணீர் கேட்டு நின்றான், பிறகு பெண் கேட்டு நின்றான். மூச்சுக்கு மூச்சு "அம்மிணி, அம்மிணி" என்பான். காலையில் எழுந்தால் காபித் தம்ளரோடு வாசலில் நின்று மேலே பார்ப்பான். தோட்டம் முழுக்க மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று நின்றன. அடடா, மனுசனுக்கு என்ன ரசனை என்று அவள் பூரித்துப் போனாள். கூமுட்டை! தேவனூர் நாட்டில் சித்தி இறந்த காரியத்துக்குப் போய் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது தோட்டத்தில் மரம் இல்லை. மிளகுக் கொடிகள் தரையில் சுருண்டு கிடந்தன. லாரிச் சக்கரம் பதிந்த சேறு காயவில்லை. சசிதரனும் இல்லை, அவன் ஜீப்பும் இல்லை.

ஒரே ஒரு மரம் தப்பித்தது. வீட்டை ஒட்டி, கூரைமேல் சாய்ந்து நின்ற பெரிய பலா. வெட்டினால் வீட்டின்மேல் விழும், கயிறு கட்டி இழுத்து வெட்ட நேரமில்லை என்று விட்டுப்போயிருக்கிறார்கள். பொன்னாத்தாள் ஊர்க்கவுண்டர் முன்னால் அந்தக் கல்யாணத்தைத் தீர்த்துக்கொண்டாள். அதன் பிறகு எட்டு வருஷமாக அந்தப் பலாதான் அவளுக்குச் சோறு போட்டது. அதன் பழத்தையும், அதில் ஏறிய மிளகையும் சோளக்காட்டுச் சந்தையில் விற்றுத்தான் மறுபடி கன்று நட்டு, கொடி ஏற்றி, தோட்டத்தைத் தோட்டமாக்கினாள். எதிர்ப்பட்ட எவனையும் நம்பாமல் இருக்கவும் அந்த எட்டு வருஷத்தில் நன்றாகப் பழகிக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் பலாக்காலம் தொடங்கியபோது சோளக்காட்டுக்கு ஒரு புது வியாபாரி வந்தார். ஆறுமுகசாமி என்று பேர். அடிவாரத்தில் பேளுக்குறிச்சிப் பக்கத்துக் குடியானவர். சொந்தமாகக் கொஞ்சம் காடு, பலாக்காலத்தில் மட்டும் மலையேறிப் பழம் பிடித்து லாரியில் இறக்குவார். மீசையில் பாதி நரை. மற்ற வியாபாரிகள் பழத்தைக் காலால் உருட்டி விலை கேட்பார்கள். இவர் குத்தவைத்து உட்கார்ந்து, கண்ணை மூடி, காதைக் கிட்டே கொண்டுபோய் மடக்கிய விரல் மொட்டியால் தட்டுவார். காயென்றால் டங்கென்று கேட்கும். பழுக்கப் போகிறதென்றால் தொம்மென்று கேட்கும். "இது நாளைக்குங்க, இது மூனு நாளைக்கு ஆவுமுங்க" என்று சொல்லிப் பிரித்து வைப்பார். சொன்னால் சொன்னதுதான்.

எல்லோரிடமும் பழம் வாங்கினார். ஆனால் முதலில் வந்து உட்கார்வது பொன்னாத்தாளின் குவியலுக்கு முன்னால்தான். பக்கத்தில் மலைவாழை விற்கும் கண்ணாயிக்கு இது போதாதா?

"அக்கா, பழத்தைத் தட்டறாரா, உன்ர ஊட்டுக் கதவைத் தட்டறாரா?"

"வாயிலயே போடுவேன். அந்தாளு பார்வையே செரியில்ல."

"பார்க்கவே மாட்டீங்கறாரே! கண்ணை மூடிட்டில்ல தட்டறாரு."

"அதுதான் சொல்றேன். கண்ணை மூடறவன எப்படி நம்பறது?"

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஆறுமுகசாமி தன் குடையை அவள் பழக்குவியல் பக்கத்தில் ஊன்றிவிட்டு, தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு லாரிக்கு ஓடினார். பொன்னாத்தாள் அந்தக் குடையை வீட்டுக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்தாள், மடக்கிப் பார்த்தாள், பிடியைத் திருகிக்கூடப் பார்த்தாள். என்ன தேடினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. வெறும் குடை. அடுத்த சந்தையில் அதை அவர் முன்னால் தொப்பென்று போட்டு, "எனக்கு யாரு குடையும் வேண்டாமுங்க" என்றாள். அவர் "செரிங்க" என்று எடுத்துக்கொண்டார். ஒரு வருத்தம் இல்லை, ஒரு வழிசல் இல்லை. அது அவளுக்கு இன்னும் சந்தேகமாகிவிட்டது. இத்தனை பேச்சு வாங்கியும் ஒருத்தன் முகம் சுளிக்காமல் போகிறான் என்றால் உள்ளே என்ன கணக்கு போடுகிறானோ?

கண்ணாயி விசாரித்துச் சொன்னாள். பெண்சாதி செத்து நாலு வருஷமாம். பிள்ளைகுட்டி இல்லையாம். எப்படிச் செத்தாள் என்று கேட்டால் அந்தப் பக்கத்துக்காரர்கள் பேச்சை மாற்றிவிடுகிறார்களாம். பொன்னாத்தாளுக்கு இது ஒன்று போதும். என்ன செய்தானோ பாவி என்று ஒரு வாரம் அதையே மென்றுகொண்டிருந்தாள்.

உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் கொடுமை. சந்தைக்குக் கிளம்பும்போது கண்ணாடியில் ரெண்டாம் தரம் பார்த்துக்கொண்டாள். அவர் வராத நாளில் கண்ணாயிமேல் எரிந்து விழுந்தாள். முப்பத்தாறு வயதில் இதென்ன கூத்து என்று தன்னையே திட்டிக்கொண்டாள். பிடிக்கப் பிடிக்கப் பயமும் ஏறியது. சசிதரனையும் பிடித்துத்தானே இருந்தது?

ஆனி மாசம் அண்ணன் கருப்பண்ணன் வந்து நின்றான். ஆறுமுகசாமி அவனிடம் நேராகவே கேட்டுவிட்டாராம்.

"கட்டிக்கறேங்கறாரு புள்ள. நல்ல மனுசனாத்தான் தெரியுது."

"அந்தக் கழிசடையையும் நல்ல மனுசன்னுதான் நீ சொன்னே."

கருப்பண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு மெதுவாக, "ஒருக்கா ஊட்டுக்கு வரச் சொல்றேன். பேசிப் பாரு. புடிக்கலீன்னா விடு" என்றான்.

வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, காட்டுப் பாதையில் நடந்து, வேட்டி நுனியெல்லாம் சேறாக வந்தார். பொன்னாத்தாள் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் வாசலுக்கு வந்தார், நின்றார், அண்ணாந்து பார்த்தார்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவர் பலாவின் பக்கத்தில் போனார். பட்டையில் கையை வைத்தார். பழத்தைத் தட்டுகிற மாதிரியே கண்ணை மூடி, காதை வைத்து, மொட்டியால் தட்டினார். தள்ளிப் போய் இன்னொரு பக்கம் தட்டினார். பிறகு ரெண்டு கையையும் விரித்து மரத்தைக் கட்டிப் பிடித்தார். பருமன் அளக்கிறான்! மர வியாபாரிகள் அப்படித்தான் அளப்பார்கள், அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் அவர் முகம் வெளுத்துப் போயிருந்ததை அவள் கணக்கில் எடுக்கவில்லை.

காபி கொடுத்தாள். ஒரு வாய்கூடக் குடிக்காமல் அவர் சொன்ன முதல் பேச்சு இது: "அம்மிணி, அந்தப் பலாவை வெட்டிப் போடுங்க. உள்ள உளுத்துப் போச்சுங்க. தொம்முனு கேக்குது. காத்தடிச்சா கூரை மேலதான் உழுகும்."

வந்துவிட்டதா வார்த்தை! எட்டு வருஷமாக அவள் எதற்குப் பயந்தாளோ அது அவள் வீட்டு வாசலில், அவள் கொடுத்த காபியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பலாமரம் என்றால் சும்மாவா? கதவுக்கும் நிலைக்கும் அடிவாரத்தில் அடித்துப் பிடித்து வாங்குவார்கள்.

"பொண்ணு பார்க்க வந்தீங்களா, மரம் பார்க்க வந்தீங்களா?" என்றாள்.

"அப்படியில்லீங்க..."

"எப்படீங்க? காபியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க. கடைசி பஸ் போயிரும்."

அவர் எழுந்து போனார். போகும்போதும் திரும்பித் திரும்பி மரத்தைத்தான் பார்த்தார். அவளை ஒரு தரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றைக்கு அவள் அழுதாள். மரத்துக்காக அழுதாளா, அவர் தன்னைப் பார்க்கவில்லையே என்று அழுதாளா, அதை எல்லாம் யார் பிரித்துச் சொல்வது?

அத்தோடு விட்டிருக்கலாம். விடுவாளா? ஆளைக் கையும் களவுமாகப் பிடித்தால்தான் மனசு ஆறும் போலிருந்தது. நாமக்கல்லில் ஜோலி என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு பஸ் ஏறினாள். கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி அடிவாரத்துக் காரவள்ளியில் இறங்கி, இன்னொரு பஸ் பிடித்து, பேளுக்குறிச்சி தாண்டி விசாரித்து அவர் தோட்டத்து வீட்டைக் கண்டுபிடித்தாள். வேலிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தாள்.

வீட்டைச் சுற்றி ஒரு மரம் இல்லை. வேம்பு இல்லை, முருங்கை இல்லை, ஒரு கொய்யாச் செடிகூட இல்லை. மொட்டை வெயில். தரையில் வரிசையாக வெட்டின அடிக்கட்டைகள். சுவரோரம் கட்டை கட்டையாக மரம் அடுக்கி வைத்திருந்தது. போதுமா? இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தன் வீட்டு மரத்தையே விட்டு வைக்காதவன் அடுத்தவள் வீட்டு மரத்தை விடுவானா?

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் களை வெட்டிக்கொண்டிருந்தாள். அடி பொன்னாத்தா, அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? ஏன் இப்படி அடுக்கியிருக்கிறது, ஏன் விற்கவில்லை, ஏன் கறையான் ஏறிக் கிடக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாதா? கேட்கவில்லை. கேட்டால் வேறு பதில் வந்துவிடும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். விறுவிறுவென்று நடந்து வந்து பஸ் ஏறிவிட்டாள்.

ஆடி பிறந்தது. மலையில் ஆடிக்காற்று சும்மா அடிக்காது, ஆளைத் தூக்கும். பலாக்கிளை கூரையில் உரசி ரெண்டு ஓடு பிளந்தது. மறுநாளே ஆறுமுகசாமி வந்து நின்றார். பழக்காலம் முடிந்துவிட்டது, சந்தையில் அவருக்கு வேலையே இல்லை. கருப்பண்ணனும், மரமேறிச் செங்கோடனும் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணாயியும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

"என்னைக் கட்டிக்க வேண்டாமுங்க" என்றார் ஆறுமுகசாமி. "அது போகட்டும். இந்த மரத்தை மட்டும் வெட்டிப் போடுங்க. நீங்க உள்ள படுத்திருக்கறீங்கன்னு நெனச்சா எனக்குத் தூக்கமே வரதில்லீங்க."

என்ன நடிப்பு! பொன்னாத்தாளுக்கு உச்சி மண்டை கொதித்தது. இன்றைக்கு எல்லோர் முன்னாலும் இந்த ஆளின் சாயத்தை வெளுத்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

"வெட்டலாமுங்க. நீங்களே வெட்டுங்க. ஆனா ஒன்னு, ஒரு குச்சி இந்த மலையை உட்டு எறங்கக் கூடாது. கட்டை, பலகை, செதுக்கு, எல்லாம் இங்கயேதான் கெடக்கோணும். சம்மதமுங்களா?"

இப்போது முழிப்பான், மென்று விழுங்குவான், கூலியாவது ரெண்டு கட்டை என்பான் என்று அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"சம்மதமுங்க" என்றார் அவர். அவள் வார்த்தை முடியும் முன்னே சொன்னார். முகம் அப்படியே தெளிந்துவிட்டது. "எப்பச் சொன்னாலும் வாரேனுங்க."

சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியுமா? நாலு பேர் கேட்டாயிற்று. கருப்பண்ணன் வீட்டு மேல் சாய்ந்த மரம் என்று சொல்லி அதிகாரிகளிடம் முறையாக அனுமதி வாங்கி வந்தான். அனுமதி வந்த நாளில்கூட அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வீம்பு விடவில்லை. "ரோட்டுத் திருப்பத்துல பார்த்துக்க அண்ணா. லாரி வரும் பாரு" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

லாரி வரவில்லை. ஆறுமுகசாமி பஸ்ஸில்தான் வந்தார், சாக்கில் சுற்றிய கோடாலியும் தோளில் கயிறுமாக. மிளகுக் கொடியை அவரே பார்த்துப் பார்த்து இறக்கிச் சுருட்டி வைத்தார். செங்கோடன் ஏறிக் கிளைகளைக் கழித்து, கயிறு கட்டினான். அந்தப் பக்கம் கருப்பண்ணனும் ஊர் ஆட்களும் இழுத்துப் பிடிக்க, இந்தப் பக்கம் ஆறுமுகசாமி கோடாலி போட்டார். ஒவ்வொரு வெட்டும் பொன்னாத்தாள் நெஞ்சில் விழுந்தது. மத்தியானத்துக்கு மேல் மரம் முறுகி, ஒரு சத்தம் போட்டு, வீட்டுக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஒரு ஓடுகூட உடையவில்லை.

செங்கோடன்தான் முதலில் போய் வெட்டுவாயைப் பார்த்தான். பார்த்தவன் நிமிரவில்லை.

"கெட்டி மரமப்பா" என்றான்.

பொன்னாத்தாள் ஓடினாள். மஞ்சள் கிழங்கை ஒடித்தாற்போல ஓரத்திலிருந்து நடுவரைக்கும் பளீரென்று மஞ்சள். ஒரு பொந்து இல்லை, ஒரு புழு இல்லை, ஒரு கீறல் இல்லை. இன்னும் நூறு வருஷம் நின்றிருக்கும். பால் மட்டும் ஒழுகிக்கொண்டிருந்தது.

ஆறுமுகசாமி கோடாலியைப் போட்டுவிட்டு மண்டியிட்டார். அடிமரத்தைத் தட்டினார். காதை வைத்து மறுபடி தட்டினார். விழுந்து கிடந்த மரத்திடம் போய் அங்கும் தட்டினார்.

"தொம்முனுதானே கேட்டுச்சு" என்றார். "சத்தியமா தொம்முனுதானுங்க கேட்டுச்சு."

"அடப் பாவி மனுசா!" என்று பொன்னாத்தாள் கத்தினாள். "எட்டு வருஷம் சோறு போட்ட மரமய்யா! கண்ணு இருக்குதா உனக்கு? காது இருக்குதா?" முதல் தரமாக 'ங்க' போய்விட்டது. கருப்பண்ணன் கையைப் பிடித்தான், உதறினாள்.

ஆறுமுகசாமி தலையைத் தூக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"எங்க ஊட்டு வாசல்ல புளியமரமுங்க. காத்தடிக்குது, பயமா இருக்குதுன்னு அவ சொன்னா. நான் தட்டிப் பார்த்தேன். கெட்டியா இருக்குது, போய்ப் படுன்னு சொன்னனுங்க. பெரிய காது இல்லீங்களா எனக்கு! நான் சந்தைக்குப் போயிருந்தேன். கூரையோட அவ மேல உழுந்துருச்சுங்க." மூக்கை உறிஞ்சினார். "அப்பறம் எந்த மரத்தைத் தட்டுனாலும் தொம்முனுதான் கேக்குது. வேம்பை வெட்டுனேன், கெட்டி. முருங்கையை வெட்டுனேன், கெட்டி. கொய்யாவைக்கூட உடலீங்க. ஒவ்வொரு தடவையும் இது நெசமாவே உளுத்ததுன்னுதான் நெனைக்கறனுங்க. பழத்துல எனக்குத் தப்பவே தப்பாது. மரம்னா ஒன்னுமே தெரியலீங்க."

கோபம் ஆறாமல் பொன்னாத்தாள் அவரையே பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒன்று உறைத்தது. சசிதரன் மரத்தைத் தொடக்கூட மாட்டான். வாசலில் நின்றபடியே எத்தனை பலகை தேறும் என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருக்கிறான், ஒரு மரமும் பிசகவில்லை. மரத்துக்கு ஆசைப்படுகிறவனுக்கு மரம் தெரியும். இந்த மனுசனுக்குக் கெட்டி மரத்துக்கும் உளுத்த மரத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அத்தனை விலைபோகிற மரம் காலடியில் கிடக்கிறது, அவர் அதைப் பார்க்கவே இல்லை. கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கூரைக்குக் கீழே அவள் தூங்குவதைப் பற்றி மட்டுமே இந்த ஆள் கவலைப்பட்டிருக்கிறான். ஐயோ, எத்தனை ராத்திரியாக!

"அவங்க பேரென்னங்க?" என்று கேட்டாள்.

"தாமரைங்க. தாமரைச்செல்வி." அந்தப் பேரைச் சொன்னதும் அவர் உடைந்துபோனார். பெரிய மீசைக்காரர், ஊர் பார்க்க, தோளெல்லாம் குலுங்க அழுதார். கண்ணாயி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அழுது முடித்து எழுந்தார். "உங்க மரத்தைக் கொன்னுட்டனுங்க. இனி இந்தப் பக்கம் தலை காட்ட மாட்டனுங்க" என்று கோடாலியை எடுத்தார்.

"ஆமா, கொன்னுட்டீங்க" என்றாள் பொன்னாத்தாள். "நான் உங்களை மன்னிக்க மாட்டேன். சாகற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்."

"புள்ள!" என்றான் கருப்பண்ணன்.

"நீ சும்மா இரு அண்ணா. தினமும் காலையில எந்திரிச்சு இந்த மொட்டையைப் பார்த்து இவரை நான் வையோணும். வெச்சு வாங்கோணும். அதுக்கு இவரு இங்க இருக்கோணுமா, வேண்டாமா?"

ஆறுமுகசாமிக்குப் புரியவில்லை. கோடாலியோடு அப்படியே நின்றார். கருப்பண்ணனுக்குத்தான் முதலில் புரிந்தது, அவன் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான். பொன்னாத்தாள் போய் விழுந்து கிடந்த மரத்தின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண்ணீர் வந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கவில்லை. தனக்குப் பக்கத்தில் மரத்தின்மேல் கையால் தட்டிக் காட்டினாள்.

"நிக்கறீங்களே, கால் வலிக்கலீங்களா? உக்காருங்க" என்றாள்.